மூன்று கணு

மணி எட்டேகால். கிரகணம் பிடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வாசல் வேப்பமரத்தின் நிழல் சிமெண்டுத் தரையில் தினமும் விழுகிற மாதிரிதான் கிடக்கிறது, வெயிலில் ஒரு குறையும் தெரியவில்லை, தெருவில்தான் ஆள் இல்லை. எதிர்வீட்டு டிவியில் ஒருவர் திண்டுக்கல்லில் ஒன்பதரைக்கு முழு வளையமாகத் தெரியும், வெறும் கண்ணால் பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே என் மகள் சுகந்தி மல்லாந்து படுத்திருக்கிறாள், ஐந்து மாதம். புரளக்கூடாது, சொறியக்கூடாது, கையை மடக்கக்கூடாது, கத்தியைத் தொடவே கூடாது என்று அவள் மாமியார் நேற்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவளும் ஒவ்வொன்றுக்கும் சரிங்கத்தே, சரிங்கத்தே என்றாள். ஜன்னலுக்குப் போர்வையை நான்தான் கட்டினேன். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பையை நான்தான் போட்டேன். இது எதற்கும் ஆகாது என்று பதினேழு வருஷமாகத் தெரிந்தே, ஆணிக்கு ஆணி இழுத்து, ஒரு கீற்று வெளிச்சம் வராமல் கட்டிவிட்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றேகாலுக்கு விடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டால் அவள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பார்த்தீர்களா என்று நிம்மதியாகிவிடுவாள், அந்த நிம்மதிக்குப் பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

மடியில் ஒரு காக்கிக் கவர் இருக்கிறது. இங்கே ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கொடுத்தது. வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கான மெஷினும் ஆளும் மதுரையில்தான் இருக்கிறார்கள், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். தாய்க்கு நெஞ்சில் ஓட்டை இருந்து அடைத்திருப்பதால் பார்த்துவிடுவது நல்லது என்றார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். சுகந்தி போகப்போவதில்லை. நேற்று சாயங்காலம் தலை பின்னிக்கொண்டே சொல்லிவிட்டாள். அவளுக்கு இடது கையில் கட்டைவிரல் கிடையாது, பிறக்கும்போதே கிடையாது, நான்கு விரலால் பின்னல் போடுவதை இன்றைக்கும் நான் நேராகப் பார்க்க மாட்டேன். "எனக்கு வந்தது அம்மா கத்தி எடுத்ததால வந்தது. நான்தான் எடுக்கப் போறதில்லையே, எனக்கு எதுக்குப்பா மதுரை" என்றாள். அது நியாயமான பேச்சு. நான் சொல்லிக்கொடுத்த பேச்சு. பிரசவத்துக்கு நத்தத்தில் மாமியார் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி பேசியாகிவிட்டது. அங்கே பெரியவர்களுக்கே நெஞ்சு டாக்டர் கிடையாது. பிறந்து நீலம் பாய்ந்தால், துடிப்பு தப்பினால், ஆம்புலன்ஸ் மதுரை போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று நான் மனசுக்குள் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன், எத்தனையோ தடவை, எந்தத் தடவையும் போய்ச் சேரவில்லை. கவருக்குள் சீட்டோடு ஒரு படிவமும் இருக்கிறது. பெற்றோர் வழியில் வேறு யாருக்காவது கை எலும்பிலோ நெஞ்சிலோ பிறவிக் குறை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். போகப்போவதில்லை என்றாலும் அவள் அதை நிரப்பி வைத்திருக்கிறாள், காகிதம் காலியாகக் கிடந்தால் அவளுக்குப் பிடிக்காது, அதில் என்னைக் கொண்டவள். 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். குண்டுக் கையெழுத்து. நான்தான் பழக்கியது.

முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதினேன். எட்டாவதோடு நின்றவன், பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் படித்தே எழுதப் பழகினேன். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகை. எழுதுவது பாதி வேலை, ரேகை வைப்பது மீதி. வருகிறவர்கள் மையில் விரலைச் சும்மா அழுத்துவார்கள், அழுத்தினால் பொட்டுதான் விழும், ரேகை விழாது. நாம் அவர்கள் இடது கட்டைவிரலைப் பிடித்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்ட வேண்டும். விரலை விட்டுக்கொடுங்கள், நீங்கள் எதுவும் செய்யாதீர்கள் என்பேன். எத்தனை ஆயிரம் கட்டைவிரல். களை பறித்துப் பறித்து ரேகையே தேய்ந்தது, சுத்தியல் விழுந்து நசுங்கியது, கல்யாணம் முடிந்த கையோடு வந்து மருதாணி சிவந்தது. எல்லாவற்றிலும் மடங்குகிற இடம் ஒன்றுதான். என்னுடையதில் இரண்டு. மற்ற விரல்களைப் போலவே மூன்று கணுவாக, ஒல்லியாக, நீளமாக, மற்ற விரல்களுக்கு எதிரே நிற்காமல் அவற்றோடு வரிசையில் நிற்கும். சின்ன வயதிலிருந்தே அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். பேனா பிடிப்பதும் ரேகை உருட்டுவதும் வலது கை, இடது கையை யார் பார்க்கிறார்கள். தெய்வானை பார்த்தாள். கல்யாணமான புதிதில், நான் சாப்பிட்டுக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது இடது கையைப் பிடித்து விரித்து எண்ணினாள். "உங்களுக்கு ஒரு கணு கூட இருக்கே. எனக்கு மட்டும் கூடக் கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. கேட்கிற சமயமெல்லாம் அடுத்தது இதுதான் வரும்: அப்படி எண்ணியவள் பிறகு ஏன் ஒரு நாளும் எண்ணவில்லை. பிள்ளை பிறந்து, அதன் இடது கையைத் துணியிலிருந்து எடுத்துப் பார்த்த அன்றைக்குப் பிறகு என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததா. இதற்கு மேல் இந்த யோசனை போகாது. வண்டி மதுரை போய்ச் சேராத மாதிரி இதுவும் இங்கேயே நின்றுவிடும்.

அன்றைக்கும் காலை கிரகணம்தான், தீபாவளிக்கு மறுநாள். தெய்வானைக்கு ஆறாம் மாதம். முந்தின நாள் தின்ற எண்ணெய்ப் பலகாரம் எனக்கு நெஞ்சுக்கரிப்பாக நின்றது. வீட்டில் எல்லாக் கதவையும் சாத்தி, என் அம்மா கொல்லைப்பக்கம் போயிருந்த நேரம். ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடேன் என்று நான்தான் கேட்டேன். தெய்வானை வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிரகணம் பிடிச்சிருக்கே என்று மெதுவாகச் சொன்னாள். கிரகணமாவது ஒன்றாவது என்று நான் ஏதோ படித்த திமிரில் சொல்லியிருக்கிறேன். எழுந்து போய் அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒரே ஒரு பழத்தை இரண்டாக அரிந்தாள். ஒன்றே ஒன்று. தை கடைசியில் சுகந்தி பிறந்து, கட்டைவிரல் இல்லாத கையைப் பார்த்து, எந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று அம்மா நோண்டி நோண்டிக் கேட்டபோது பழத்தை அரிந்ததை இவள் ஒத்துக்கொண்டாள். யாருடி உன்னைக் கத்தி எடுக்கச் சொன்னது என்றாள் அம்மா. நான் அங்கேதான் நிற்கிறேன், பிள்ளைக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டு. இவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நானேதான் எடுத்தேன், எனக்குக் குமட்டுச்சு" என்றாள். வெந்நீர் ஆறிப்போகிறவரை நான் ஆற்றினேன். அப்போதாவது எனக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டது நான், அரிந்தது அவள், இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று இருக்கும்வரை மனசு ஒரு மாதிரி தாங்கியது. பங்கு என்பது எவ்வளவு லேசான சமாச்சாரம் என்று பின்னால்தான் தெரிந்தது.

வெளிச்சம் மாறுகிறது. மத்தியானம் மாதிரியும் இல்லை, சாயங்காலம் மாதிரியும் இல்லை, பித்தளைப் பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. காக்கைகள் சத்தம் குறைந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிடத்துக்குள்ளும் இப்படித்தான் ஒரு வெளிச்சம், பச்சைத் திரை போட்டிருந்தார்கள். சுகந்திக்கு ஆறு வயது. மாடி ஏறினால் உதடு கருத்தது. நெஞ்சின் மேல் அறைகளுக்கு நடுவே ரூபாய்க் காசு அளவு ஓட்டை, அடைத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் கையெழுத்துக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். நான் காகிதம் நகராமல் இருக்க இடது கையால் அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பத்திரம் எழுதுகிறவன் பழக்கம். அந்தப் பெண் டாக்டர் கையெழுத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். மடக்கி வைக்க மறந்த ஒரு நிமிஷம். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், நெஞ்சில் ஒயர் ஒட்டி எனக்கும் ஒரு பட்டைக் காகிதம் எடுத்தார்கள். மறுபடி கூப்பிட்டு, விளக்கு எரிகிற கண்ணாடியில் என் கையின் படத்தை மாட்டினார். கட்டைவிரலில் எல்லோருக்கும் இரண்டு எலும்பு, உங்களுக்கு மூன்று, உங்கள் நெஞ்சிலும் துடிப்பு கொஞ்சம் தடங்கி வருகிறது, குறை உங்கள் வழியாகத்தான் பிள்ளைக்குப் போயிருக்கிறது, உங்களுக்குத் தூறலாக வந்தது அவளுக்கு மழையாக வந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். கையும் நெஞ்சும் வயிற்றுக்குள் ஒரே சமயத்தில் உருவாகிறவை, இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடும் என்றார். நான் அப்போது கேட்டேன். ஆறாம் மாதத்தில் கிரகணத்தில் ஒரு பழத்தை அரிந்தால் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஆறாம் மாசத்துல விரலெல்லாம் எப்பவோ முடிஞ்சு போயிருக்கும்ங்க. உங்க வீட்டம்மா அப்படி நினைச்சுட்டு இருக்காங்களா? முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். இனிப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, அவள் பெரியவளாகி உண்டாகும்போது அவள் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, அதையும் மறக்காமல் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்தேன். தெய்வானை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை தூங்கியது. என்ன சொன்னாங்க என்றாள். பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சொல்லத்தான் வந்தேன். "கையெழுத்து வாங்குனாங்க" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், ஆபரேஷன் முடியட்டும் என்று. முடிந்தது, பிள்ளை தேறட்டும் என்று. தேறினாள். அப்புறம் எந்த நாளில் சொன்னாலும், இதுவரை ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அது வளர்ந்தது. தெய்வானை பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அரிவாள்மணையில் உட்காருவதில்லை. அவரைக்காயைக் கையால் ஒடிப்பாள், கீரையைக் கிள்ளுவாள், வெங்காயத்தைக்கூட அம்மியில் வைத்து நசுக்குவாள். மற்றதெல்லாம் நான் ஆபீசுக்குப் போகுமுன் நறுக்கி வைத்துவிட்டுப் போவேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர்கள் புருஷன்மாரிடம் என்னைக் காட்டிச் சொல்வார்கள், பத்திரக்காரரைப் பாருங்க, பொண்டாட்டி கையில கத்தி படவிடமாட்டார் என்று. தெய்வானை கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள், நான் பூசணிக்காயைப் பத்தை போட்டுக்கொண்டிருப்பேன். வாய் ஒன்றும் சொல்லாது, கை நறுக்கும். இன்னொன்று. அதற்குப் பிறகு பாயை நான் வெளியே போட்டுக்கொண்டேன். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன பயம். அது எனக்குத் தெரியும். அவளுக்கு? பிள்ளையைக் கெடுத்தவள் என்று புருஷன் ஒதுக்கிவிட்டான் என்றுதானே அவள் நினைத்திருக்க முடியும். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, மழை பெய்து சாரல் அடித்தபோது, நனையாதீங்க, உள்ளே வந்து படுங்க, நான் அடுப்படியில் படுத்துக்கறேன் என்றாள். நான் அடுப்படியில் படுத்துக்கறேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. போன மாதம் ஒரு நாள் முழுக்க இதிலேயே நின்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தாள். கடைசி வாரம் ஒரு மத்தியானம் சுகந்தியின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, என் கையால கெட்டுப்போச்சுடா, மனசுல வச்சுக்காத என்றாள். சுகந்தி, விடும்மா, நான் இதாலதான் ஸ்கூட்டியே ஓட்டுறேன் என்று சிரிக்கப் பார்த்தாள். நான் கட்டில் காலடியில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெந்நீர். எப்போதும் என் கையில் ஒரு வெந்நீர் இருந்திருக்கிறது. அப்போது சொல்லியிருந்தால் அவள் நான்கு நாளாவது சும்மா இருந்திருப்பாள், நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் நான்கு நாள். மூடி சரியாகப் போட்டிருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன். அவள் போன பிறகு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது விரலைக் கேட்டார்கள், கேட்பார்கள்தானே. நான் கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று எழுதுகிற அதே குரலில் சொன்னேன்: இது கிரகணத்தில் ஆனது, எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது, என் சம்சாரம் அஜாக்கிரதையாக இருந்துவிட்டாள். செத்தவளைச் சொன்னேன். மாலை போட்டு அவள் படம் பின்னால் சுவரில் இருந்தது.

இப்போது தரையில் என்னவோ மாதிரி இருக்கிறது. வேப்பிலைச் சந்துகளில் இறங்குகிற வெயில் பொட்டுப் பொட்டாக விழாமல், சின்னச் சின்ன வளையங்களாக விழுந்திருக்கிறது, நூற்றுக்கணக்கில், சிமெண்டு முழுக்க. ஒன்பதரை. காலை நகர்த்தினால் காலின் மேல் வளையம். கையை நீட்டினேன். இடது கைதான் நீண்டது. மடக்கி வைத்திருந்த விரல் தானாகப் பிரிந்திருக்கிறது, மூன்று கணுவின் மேலும் வளையம் ஆடுகிறது. கேட்டது நான், அரிந்தது அவள் என்று இத்தனை வருஷம் ஒரு பழத்தைச் சுற்றியே வந்துகொண்டிருக்கிறேனே, அந்தப் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதை அவளிடமிருந்து நான் வாங்கிக் கீழே வைத்திருக்கலாம், ஒரு வாக்கியம் போதும், எத்தனை பேருக்கு எத்தனை வாக்கியம் எழுதிக் கொடுத்தவன். எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. கவர் கீழே விழுந்தது, எடுத்துக்கொண்டேன். கதவு பத்தடி. அதே பத்தடி. தட்டினேன். விட்டுடுச்சாப்பா என்றாள் உள்ளேயிருந்து. விடலை, நீ திறக்க வேண்டாம், படுத்துக்கிட்டே கேளு என்றேன். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, மதுரை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எலும்பு, எக்ஸ்ரே, பட்டைக் காகிதம், இரண்டாம் மாதம், பாதிக்குப் பாதி. பழத்தை நான் கேட்டது. அவள் எனக்காக மறைத்தது. பத்திரம் போல ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு இடத்திலும் தடுக்காமல் வந்தது, தடுக்கியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டில் முனகியது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

இருட்டிலிருந்து வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கையைக் குடுங்க என்றாள். கொடுத்தேன். நான் ஆயிரம் பேருக்குச் செய்த மாதிரியே என் விரலைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்தாள், பிறகு தன் இடது கையை, கட்டைவிரல் இருக்க வேண்டிய வழவழப்பான இடத்தை, அதன் பக்கத்தில் வைத்தாள். "சின்னப் பிள்ளையில இது ஏன் நீளமா இருக்குன்னு கேட்டேன். எழுதி எழுதி நீண்டுபோச்சுன்னு சொன்னீங்க" என்றாள். ஆமாம் என்றேன். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியலம்மா."

என்னைத் தாண்டி நடந்தாள். அடுப்படியில் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்திருந்த இடத்திலிருந்து இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. கிரகணம் விடலை என்று என் வாய் சொல்லப்போனது, மூடிக்கொண்டேன். வயிற்றைப் பார்த்து மெல்ல உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து, இரண்டாக அரிந்தாள். அவள் அம்மா போன பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்னும் சேர்த்து மொத்தம் இருபத்து நான்கு வருஷமாக இந்த வீட்டில் ஒரு பெண் அதில் உட்காரவில்லை. ஒரு மூடியைத் தம்ளரில் பிழிந்து, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு நின்றபடியே குடித்தாள். கடைசி மடக்கு வரை குடித்துவிட்டு என் கையிலிருந்த கவரை வாங்கினாள். படிவத்தை எடுத்து, பேனா கொடுங்க என்று வாங்கி, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு மேலே 'அப்பா' என்று எழுதினாள். வண்டிக்கு நானே சொல்லிக்கறேன், அவர்கிட்டயும் அத்தைகிட்டயும் நானே பேசிக்கறேன், நீங்க கூட வர வேண்டியதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருக்கலாம். பிறகு போனை எடுத்தவள், எண்ணை அமுக்காமல் திரும்பினாள்.

"எனக்குச் சொன்னீங்கல்ல, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு. அதே மாதிரி அம்மாகிட்டயும் போய்ச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லணும். நான் இங்கதான் இருக்கேன்."

முன் அறையில் வந்து நிற்கிறேன். வெளியே வளையங்கள் பிறைகளாக உடைந்துவிட்டன, வெயில் பழைய நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. படத்தில் அவள் எப்போதும் போல லேசாகக் குனிந்த மாதிரி இருக்கிறாள். எங்கிருந்து தொடங்குவது. உயிரோடு இருந்தபோது இந்தா என்றும் ஏய் என்றும் கூப்பிட்டிருக்கிறேன், பத்திரங்களில் 'என் மனைவி' என்று எழுதியிருக்கிறேன். இடது கையை மடக்காமல் தொங்கவிட்டுக்கொள்கிறேன். அடுப்படியில் சுகந்தி அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. கிரகணம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

"தெய்வானை" என்றேன்.